வழி திறக்கும் இயந்திரம்

விண்மீன்களுக்கிடையே ஒரு பேரரசு. அதன் உலகங்களை இணைக்கும் வாயில்களைத் திறப்பதும் அடைப்பதும் ஓர் இயந்திரம். குடிமக்கள் அதனைத் தெய்வமென அஞ்சிப் பணிகின்றனர். அறிவியல் புனைகதைகள் தீட்டும் இக்கற்பனைக்கு ஒப்பான இயந்திரமொன்று நம் அன்றாடப் பயணங்களை ஆண்டு வருவதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளி புறநகர் வண்டியில் கண்ணயர்வது அதனை நம்பியே.

தென்னகத்தின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அதே 1856இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பார் புதுமையான கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர், தடம் ஒருபுறம் திரும்பியிருக்க, கைகாட்டி மறுபுறம் 'வா' என அழைத்துவிடக்கூடும். சாக்ஸ்பி இரண்டையும் பிணைத்துப் பூட்டினார். தடம் சரிவர அமைந்தாலன்றிக் கைகாட்டி இறங்காது. 'இண்டர்லாக்கிங்' எனப்படும் இம்முறை, பிற்காலத்தில் நெம்புகோலிலிருந்து மின்சாரத்திற்கும், அதிலிருந்து கணிப்பொறிக்கும் வளர்ந்தது.

இக்கருவியின் சிறப்பு அதன் வல்லமையில் இல்லை. அதன் ஐயத்தில் இருக்கிறது. கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் கைகாட்டி 'நில்' என்னும் நிலைக்கே திரும்ப வேண்டுமென்பது அதன் அடிப்படை விதி. தெரியாதபோது வழிவிடாதே என்பதே அதற்குப் புகட்டப்பட்ட பாடம்.

ஆயினும் அதற்குக் கண்கள் இல்லை. கம்பிகள் சொல்வதை மட்டுமே அது அறியும். 2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு ஒடிசாவின் பாகாநாகா பஜாரில் நேர்வழிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. தடமோ கிளைவழிக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி நின்றிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சமிக்ஞைக் கம்பிகளை மாற்றி இணைத்த பணியில் நேர்ந்த பிழைகளே காரணமென விசாரணை கண்டது. பொய்யுரைத்தது இயந்திரமன்று, மனிதர் அதனிடம் பொய் சொல்லியிருந்தனர்.

அதே நெடும்பாதையில், கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள கவரைப்பேட்டையில், 2024 அக்டோபர் 11 இரவு மீண்டும் அக்காட்சி. மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு வண்டிக்கு நேர்வழிக்கே கைகாட்டப்பட்டது; வண்டியோ கிளைத்தடத்தில் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதிற்று. பெட்டிகள் தடம்புரண்டும் உயிர்ச்சேதம் இல்லை.

புனைகதைக் குடிமக்கள் தம் இயந்திரத்தை வணங்கினர், ஆராயவில்லை. நாம் அவ்வாறிருத்தல் ஆகாது. நள்ளிரவில் விளக்கேந்தித் தண்டவாளத்தின் பூட்டைத் தொட்டுப் பார்க்கும் ஊழியரின் கை, கம்பியை மாற்றியபின் மீண்டுமொருமுறை சோதிக்கும் பொறியாளரின் பொறுமை ஆகியவையே அவ்வியந்திரத்தின் கண்கள். அவர்களுக்குப் போதிய ஓய்வும் ஆளும் நேரமும் தராமல் சிக்கனம் பார்ப்பது, உறங்கும் பயணியின் உயிரில் பார்க்கும் சிக்கனமாகும். அவ்வுயிர் நம் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ!