மந்திரக் கோட்டையும் நம் செஞ்சியும்

போன ஆகஸ்ட் விடுமுறைக்குப் பாரிசிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். பதினோரு வயது. கையில் ஒரு தடிப் புத்தகம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அதுதான், தலையணைக்கு அடியிலும் அதுதான். "என்னப்பா அது?" என்றேன். "பூட்லார், தாத்தா" என்றான். பக்கத்தில் இருந்த பேத்தி, "இல்ல தாத்தா, அது ஹாக்வார்ட்ஸ்" என்று திருத்தினாள். இருவருக்கும் சண்டை. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு விளங்கவே அரை நாள் ஆயிற்று. ஆங்கிலத்தில் ஹாக்வார்ட்ஸ், பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் பூட்லார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆனதால், பேரனிடம் வாங்கி நானும் படித்தேன். ஜே. கே. ரௌலிங் என்ற அம்மையார் எழுதிய கதை. முதல் பாகம் 1997இல் வந்தது. மொத்தம் ஏழு பாகம். ஸ்காட்லாந்து மலைகளுக்கு நடுவே, ஏரிக்கரையில் ஒரு கோட்டை. அதற்குள் மந்திரம் கற்பிக்கும் பள்ளிக்கூடம். படிக்கட்டு இடம் மாறும், சுவரில் மாட்டிய படம் பேசும். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் பெரிய அதிசயம் இல்லை. ஆனால் நாலாம் பாகத்தில் வரும் ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்தியது. மந்திரம் அறியாத சாதாரண மனிதர் அந்தப் பக்கம் வந்தால் கோட்டை அவர் கண்ணுக்குத் தெரியாதாம். வெறும் இடிபாடும், அபாயம், உள்ளே வராதே என்ற பலகையும்தான் தெரியுமாம்.

நம் செஞ்சிக்கும் இதே கதிதானே என்று தோன்றியது.

அவலூர்பேட்டைக்காரர்களுக்குச் செஞ்சிக்கோட்டை பஸ் ஜன்னலில் தெரியும் ஒரு மலை, அவ்வளவுதான். கல், இடிந்த சுவர், குரங்கு, தொல்லியல் துறையின் பலகை. எனக்கும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. காரணம் என் படிப்பு. வகுப்பில் செஞ்சியைப் பற்றிப் படித்தது ஒரே ஒரு வரி: 1750 செப்டம்பரில் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சிக்கோட்டையைப் பிடித்தார். அந்த வரியைப் பிரெஞ்சில் தப்பில்லாமல் ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த மலை என் ஊருக்குப் பக்கத்து மலை என்பது அப்போது மனதில் உறைக்கவே இல்லை. தேசிங்குராஜன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் நான் கேட்டதில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, விடிய விடியக் கூத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். வாசலில் பலகையைக் கண்டதும் பேரன், "தாத்தா, கதையில் வர்ற மாதிரியே பலகை!" என்று குதித்தான். "சரி, இனிமேல் மந்திரத்தைச் சொல்கிறேன், கேள்" என்றேன்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் ஒரே மதில் வளைத்துச் சேர்க்கிறது. கதை தொடங்குவது ஆனந்தக்கோனார் என்ற இடையரோடு. மலைப்பொந்தில் அவருக்குப் புதையல் கிடைத்ததாம். அதை வைத்து 1200 வாக்கில் கோட்டை கட்டினாராம். இது செவிவழிக் கதை. பிறகு விஜயநகரத்தார், நாயக்கர்கள், 1649இல் பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி என்று கோட்டை கைமாறிற்று. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே இருந்துகொண்டு ஔரங்கசீப்பின் படையை ஏழெட்டு ஆண்டு தாக்குப்பிடித்தார். 1698இல்தான் மொகலாயர் உள்ளே வர முடிந்தது.

ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. கிட்டத்தட்ட மேலே போனதும் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும். 24 அடி அகலம், 60 அடி ஆழம். நடுவில் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் உச்சிக்கு வழியில்லை. "இடம் மாறுற படிக்கட்டு!" என்றாள் பேத்தி.

கீழே கல்யாண மகால். அடுக்கடுக்கான மாடிகளுக்கு மின்சாரமும் மோட்டாரும் இல்லாத காலத்தில் தண்ணீர் ஏறியது. மலையடிவாரக் குளம் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுட்ட மண் குழாயைப் புதைத்துக் கொண்டுவந்தார்கள். எந்த மட்டத்தில் புறப்பட்டதோ அந்த மட்டம்வரை தண்ணீர் தானே ஏறும். மந்திரம் இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் எது, குழாய் பதித்த கொத்தனார் யார் என்பதற்கு ஒரு கல்வெட்டும் அங்கே இல்லை. ராஜாக்கள் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அப்புறம் தேசிங்கு. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பம் கேட்டுப் பெரும்படையோடு வந்தார். தேசிங்குக்கு வயது இருபத்திரண்டுதான். சில நூறு பேரோடு எதிர்த்து நின்று மாண்டார். உயிர்த்தோழன் மோவுத்துக்கானும் அந்தப் போரிலேயே விழுந்தார். ராணி உடன்கட்டை ஏறினாள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம்; நம் கூத்தில் இந்த நட்பைப் பாடும் இடத்தில் அழாத ஆளை நான் பார்த்ததில்லை. பேரன் வெகுநேரம் பேசவே இல்லை.

புஸ்ஸியின் கதையையும் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் கையில் செஞ்சி இருந்தது பதினோரு ஆண்டுகூட நிறையவில்லை. 1761இல் புதுச்சேரி விழுந்த கையோடு இதுவும் ஆங்கிலேயரிடம் போயிற்று. என் பாடப்புத்தகத்தில் அந்த இரண்டாவது பாதி இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான்.

பேரன் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அவனைப் புதுச்சேரிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். காந்தி சிலையைச் சுற்றி எட்டு கல்தூண்கள் நிற்கின்றன, பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. சிறுவயதில் பள்ளிவிட்டு வந்து அந்தத் தூண்களில் சாய்ந்துகொண்டு சுண்டல் தின்றிருக்கிறேன், எத்தனையோ நாள். என் மண்ணின் கல் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்று தனியாகப் போய்த் தூணைத் தொட்டுவிட்டு வந்தேன்.

பேரனும் தொட்டுப் பார்த்தான். "தாத்தா, இதைத் திரும்பக் கொண்டுபோய் அங்கேயே வைக்க முடியாதா?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் பதினோரு வயதில் நான் கேட்காத கேள்வி அது. அவன் கேட்டுவிட்டான். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.