வாய் திறந்து உறங்கும் பிள்ளை

பொன்னேரியில் நான் தொடக்கப் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் வாய் எந்நேரமும் திறந்தே இருக்கும். 'மாமா' என்று அவன் சொன்னால் 'பாபா' என்றே நம் காதில் விழும். ஆசிரியர் வினவினால் திருதிருவென விழிப்பான். 'மந்தம்' என்று பெயரிட்டு அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினார்கள். நாங்களும் சிரித்தோம். அவனுக்குச் செவி சரியாகக் கேட்கவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூக்கின் நோய்களை நம் முன்னோர் அறிவார்கள். மூக்கினுள் வளரும் சதையைப் பற்றிச் சுசுருத சங்கிதை பேசுகிறது. ஆனால் இப்பையனின் நோய் இருந்த இடம் வேறு. உள்நாக்குக்கு மேலே, மூக்கின் பின்வாயிலில், அடினாய்டு என்னும் மெல்லிய சதை உண்டு. அது பருத்தால் மூச்சின் வழி அடைபடும். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழலும் அடைபடும். செவிப்பறையின் பின்னே நீர் கோத்துக் கேள்வி குன்றும். வாயைத் திறந்து பார்த்தாலும் இச்சதை கண்ணுக்குப் புலப்படாது.

இதனை உலகுக்கு உணர்த்தியவர் கோபன்ஹேகன் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் மேயர். செவி மந்தமும் கம்மிய பேச்சும் கொண்ட ஓர் இளம்பெண் அவரிடம் வந்தாள். அவர் அண்ணத்தின் பின்னே விரலைச் செலுத்தித் தடவிப் பார்த்தார். மிருதுவான சதை அவ்விடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. வளையம் போன்ற சிறு கத்தியை மூக்கின் வழியே செலுத்தி, தொண்டையில் வைத்த விரலின் துணையால் அதை அகற்றினார். 1868-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். பின் வந்தோர் வாய்வழியே செலுத்தும் வளைந்த சுரண்டுகத்தியை உண்டாக்கினர். 1898-இல் மேயருக்கு அந்நகரில் சிலை எழுப்பப்பட்டது.

நல்ல சிகிச்சையும் அளவு மீறினால் அச்சம் தரும். பள்ளிகளிலேயே பிள்ளைகளுக்கு இந்த ரண சிகிச்சை நடக்கிறதென்று கேட்டு, 1906-இல் நியூயார்க்கில் தாய்மார் பதறிப் பள்ளிகளை முற்றுகையிட்டனர். இச்சதை பெரும்பாலும் பருவ வயதிற்குள் தானே சுருங்கிவிடும். ஆகவே மூக்கடைத்த பிள்ளைகளுக்கெல்லாம் கத்தி வேண்டியதில்லை. உறக்கத்தில் மூச்சுத் திணறினாலோ, கேள்வி குன்றினாலோதான் பெரும்பாலும் இன்றைய மருத்துவர் அதனைக் கருதுகிறார். அப்போதும் முழு மயக்கம் கொடுத்து, பல இடங்களில் உள்நோக்குக் கருவியால் கண்ணாரப் பார்த்தே செய்கிறார்.

எங்கள் தோழனை அவன் தகப்பனார் ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். சில வாரங்கள் கழித்து அவன் திரும்பி வந்தபோது வாய் மூடியிருந்தது. ஆசிரியர் வேண்டுமென்றே மெல்லிய குரலில் அவன் பெயரைச் சொன்னார். கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றான். அன்று எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளையை மந்தன் என்று வையுமுன், அவன் உறங்கும்போது ஒருமுறை அருகே சென்று பாருங்கள்.