உதவி உண்மையில் உதவியதா?

பிள்ளைகளின் நன்மைக்கென்று மாலை வகுப்பு, விடுமுறை முகாம், அறிவுரைக் கூட்டம் எனப் பல திட்டங்கள் வருகின்றன. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறோம். ஆனால் அதனால் பிள்ளைகள் முன்னேறினார்களா என்று யார் பார்க்கிறார்கள்? அப்படிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஜோன் மெக்கார்டு என்னும் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி இன்று அறிவோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரை அடுத்து கேம்பிரிட்ஜ், சாமர்வில் என இரு ஊர்கள் உள்ளன. அங்குள்ள ஏழைச் சிறுவர்கள் குற்ற வழியில் செல்லாமல் காக்க, ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற மருத்துவர் ஒரு திட்டம் வகுத்தார். அன்பான ஒரு பெரியவர் துணை நின்றால் சிறுவன் திருந்துவான் என்பது அவர் நம்பிக்கை.

1939ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. வயதிலும் குடும்ப நிலையிலும் குணத்திலும் ஒத்த சிறுவர்களை இருவர் இருவராகச் சேர்த்தார்கள். இருவரில் யாருக்கு உதவி என்பதைக் காசைச் சுண்டி முடிவு செய்தார்கள். இது விளையாட்டன்று. ஒரே மண்ணில் ஒரு நிரைக்கு உரமிட்டு, அடுத்த நிரைக்கு இடாமல் விட்டால்தானே உரத்தின் பலன் தெரியும்! முடிவில் உதவி பெற்றோர் 253, பெறாதோர் 253, ஆக 506 சிறுவர்கள் கணக்கில் நின்றனர்.

ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இருமுறை வீட்டுக்குச் சென்றனர். பாடம் சொல்லித் தந்தனர். மருத்துவ உதவிக்கு வழி செய்தனர். பலரைக் கோடை முகாமுக்கு அனுப்பினர். ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த இப்பணி 1945இல் முடிந்தது.

சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, நடுவயதை எட்டிவிட்ட அந்தச் 'சிறுவர்'களை மெக்கார்டு தேடினார். நீதிமன்றப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, இறப்புப் பதிவு அனைத்தையும் ஒப்பிட்டார். பதில் எழுதியவர்களில் மூன்றில் இரு பங்கினர் திட்டம் தமக்கு நன்மை செய்ததாகவே கூறினர். பதிவேடுகளோ வேறு கதை சொல்லின. மீண்டும் குற்றம் புரிந்தோர் உதவி பெற்ற தொகுதியிலேயே கூடுதல். குடிப்பழக்கத்தின் அறிகுறிகளும் அவர்களிடமே கூடுதல். இறந்தவர்களை நோக்கினாலும், உதவி பெற்றவர்களே இளம் வயதில் இறந்திருந்தனர். 1978இல் இந்த முடிவை அவர் மறைக்காமல் வெளியிட்டார்.

காரணத்தையும் அவர் தேடினார். முகாமுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டவர்களிடையே கேடு மிகுந்திருந்ததைப் பின்னர்க் கண்டார். தடம் மாறும் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடும்போது, ஒருவர் குறும்பை மற்றவர் மெச்சி வளர்த்திருக்கலாம் என்று கருதினார். அமெரிக்கக் குற்றவியல் கழகத்தின் முதல் பெண் தலைவராகவும் விளங்கிய அவர் 2004இல் காலமானார்.

உதவி செய்யக் கூடாது என்பது இவ்வரலாற்றின் பொருளன்று. நல்லெண்ணம் வேறு, நற்பயன் வேறு என்பதே பொருள். நன்றி சொல்வதும் பயனுக்குச் சான்றாகாது. ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் பிள்ளைக்கென ஒரு திட்டம் வந்தால் அன்போடு வரவேற்றுக் கொள்ளுங்கள். சில மாதங்கள் சென்றபின், “பிள்ளை முன்பைவிட நன்றாக வாசிக்கிறானா? யாரோடு சேர்கிறான்? திட்டத்துக்குப் போகாத பிள்ளைகளின் நிலை என்ன?” என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்பது நன்றி மறந்த செயலாகாது. பிள்ளையின் மீதுள்ள அக்கறையே அது.