வஜ்ஜிரமும் வெள்ளைப் பசையும்

ஆர்.கே.பேட்டைக்கு நான் மாப்பிள்ளையாக வந்த புதிதில், மாமனார் வீட்டுத் தெருக்கோடியில் ஓர் ஆசாரி பட்டறை இருந்தது. தறிச் சட்டம், கதவு, ஜன்னல் எல்லாம் அங்கேதான் செய்வார்கள். காலையில் அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். வஜ்ஜிரம் உருகும் நாற்றம்! மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை அது. கட்டியாக வரும். முதல் நாள் இரவே ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்குவார்கள். சூடு ஆறுவதற்குள் பூசிப் பொருத்தியாக வேண்டும். என் வயதுக்காரர்கள் பலருக்கு இது நினைவிருக்கும்.

அந்த வேலையை ஒழித்தது வெள்ளைப் பசை. குஜராத்தில் மஹுவா என்ற ஊரில் 1925-இல் பிறந்தவர் பல்வந்த் பரேக். சட்டம் படித்தார், ஆனால் வக்கீல் தொழில் பிடிக்கவில்லை. பம்பாயில் ஒரு மர வியாபாரியிடம் பியூனாகக்கூட வேலை பார்த்திருக்கிறார். தச்சர்கள் வஜ்ஜிரத்தோடு படும் பாடு அவருக்குத் தெரியும். 1959-இல் ஃபெவிகோல் வந்தது. ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனி விற்ற மோவிகோல் என்ற பசையின் பெயரைத் தழுவி வைத்த பெயர் அது.

இங்கே ஒரு வார்த்தை. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் ‘கோல்’ என்றாலே பசைதான். கிரேக்கச் சொல் ‘கொல்லா’விலிருந்து வந்தது. தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொல்லாஜென் என்பதற்கும் அதே வேர்தான்; பசை தருவது என்று பொருள். ஆக, மாட்டுத்தோல் போனாலும் அதன் பெயர் டப்பாவின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, டப்பாவுக்குள் இருப்பது என்ன? 1912-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே என்பவர் கண்டுபிடித்த பாலிவினைல் அசிடேட். வினைல் அசிடேட் தண்ணீர் போன்ற ஒரு திரவம். அதைத் தண்ணீரில் விட்டு, பிரிந்து போகாமல் தாங்கிப் பிடிக்கப் பாலிவினைல் ஆல்கஹால் போன்ற ஒன்றைச் சேர்த்து, வினையைத் தொடங்கிவைக்கும் மருந்தும் போட்டு, சூடாக்கிக் கலக்கினால், கண்ணுக்குத் தெரியாத துளிகளுக்குள் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாகின்றன. துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பால்போல் வெள்ளை. பூசியதும் நீரை மரம் குடித்துவிடும். துளிகள் ஒன்றாகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும்.

எனக்குப் பிடித்தது அடுத்த சங்கதி. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு சங்கிலியின் நுனி, பக்கத்தில் முடிந்து கிடக்கும் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துவிடும். பறிகொடுத்த இடத்தில் புதுக் கிளை முளைக்கும். திரவம் தீரத் தீர, துளிக்குள் சங்கிலிகளே நெருக்கியடித்து நிற்பதால், கிளைகளும் அதிகமாகும். பனைமரமாக வளர வேண்டியது ஆலமரமாகிவிடுகிறது. ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் இந்தப் பெரிய மூலக்கூறுகள் பசைக்கு வலுவைத் தருகின்றன.

டயர் ரப்பர்காரர்களுக்கு இதே கிளை தலைவலியாக இருந்தது. 1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் தோட்டங்கள் கைவிட்டுப் போயின. அமெரிக்கா ஸ்டைரீனையும் பியூட்டடைனையும் சோப்புத் தண்ணீரில் கலந்து செயற்கை ரப்பர் செய்தது. 50 டிகிரிச் சூட்டில் செய்தபோது கிளைகள் மிஞ்சின. போருக்குப் பிறகு 5 டிகிரிக்குக் குளிரவைத்துச் செய்ததும் கிளைகள் குறைந்தன, டயரும் நன்றாக உழைத்தது.

நிற்க. இதையெல்லாம் நான் பின்னாளில்தான் படித்தேன். எண்பதுகளில் எங்கள் வீட்டு வாசல் கதவைச் செய்தபோது, நாற்றம் வேண்டாமென்று ஒரு வெள்ளைப் பசை டப்பாவை நானே வாங்கி வந்து ஆசாரியிடம் கொடுத்தேன். ஐப்பசி மழையில் கதவின் பொருத்துகள் ஊறி விட்டுக்கொண்டன. வேலை சரியில்லை என்று சொல்லி, கூலியில் நாற்பது ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

துளிகளைத் தாங்கிப் பிடிக்கும் அந்தப் பாலிவினைல் ஆல்கஹால் தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் அந்த மாதிரிப் பசை வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக்குச் சரி, மழையில் நனையும் கதவுக்கு ஆகாது. இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசாரி அதற்குள் சோளிங்கரில் மகள் வீட்டோடு போய்விட்டிருந்தார். விசாரித்துக்கொண்டு போனேன்.

“வாசக்கதவு மழைக்கு எதிரே இருக்குது, இது தாங்காதுன்னு அன்னைக்கே சொன்னேனே சார்” என்றார்.

சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் காதில் விழவில்லை. நாற்பது ரூபாயோடு கொஞ்சம் சேர்த்து நீட்டினேன். எண்ணிப் பார்த்து, நாற்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.