சவாய் நடன அரங்கம்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூவில் 1926 முதல் 1958 வரை இயங்கிய பொது நடனக்கூடம். அருகிலிருந்த காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள் ஆட, பார்வையாளராக வெள்ளையருக்கே இடம். சவாயிலோ, நுழைவுக்கட்டணம் செலுத்திய எவரும் ஆடலாம். வீட்டுவேலை செய்யும் பெண்ணும் திரைநட்சத்திரமும் ஒரே தளத்தில் ஆடினர். இரண்டு மேடைகள் இருந்ததால் ஒரு இசைக்குழு ஓய்ந்ததும் மற்றது தொடங்கிவிடும். இசைக்கு இடைவெளியே இல்லை. 1937இல் சிக் வெப்பின் இசைக்குழு பென்னி குட்மனின் இசைக்குழுவோடு இசைப்போட்டியில் மோதி வென்றது இங்குதான். லிண்டி ஹாப் நடனம் செழித்து வளர்ந்ததும் இந்தத் தளத்தில்தான். 1943இல் ஒழுக்கக்கேட்டைக் காரணம் காட்டி அதிகாரிகள் அரங்கைச் சில மாதங்கள் மூடினர். இன வேறுபாடின்றி ஆடியதே உண்மைக் காரணம் என ஹார்லெம் மக்கள் கருதினர். அந்தக் கருத்தைத் தள்ளிவிட முடியாது. பின்னர் கட்டடம் இடிக்கப்பட்டு, அங்கே குடியிருப்புகள் எழுந்தன.