தபாற்கந்தோர்க்காரர் எழுதிய சரித்திரம்

"சரித்திரம் எழுத நீங்கள் யார்?" நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்துகொண்டு எம்மில் சிலர் தத்தம் ஊர்களைப் பற்றிக் குறிப்பெழுதத் தொடங்கியபோது, படித்த நண்பர்கள் கேட்ட கேள்வி இது. நியாயமற்ற கேள்வியென்று நாம் சொல்லமாட்டோம். உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை முடித்து வந்து எழுதுபவர்கள் நாம்; எமக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அக்கேள்வியோடு கூடவே வி. கனகசபைப்பிள்ளையின் நினைவும் எமக்கு வந்துவிடுகிறது.

கனகசபை 1855இல் சென்னையிற் பிறந்தவர். தந்தை விசுவநாதபிள்ளை மல்லாகத்திலிருந்து சென்னை சென்று, வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதிப் பணிக்கு உதவியவர். (ஊர்விட்டுப் போனவரின் பிள்ளை என்பதில் எமக்கு ஒரு தனிப்பிரியம் உண்டுதான்.) மகன் சட்டம் படித்தார், மதுரையில் கொஞ்சக்காலம் வழக்காடினார், பின்னர் தபால் இலாகாவிற் சேர்ந்து மேற்பார்வையாளரானார். வரலாறு அவருடைய உத்தியோகமாக ஒருநாளும் இருந்ததில்லை. 1895க்கும் 1901க்கும் இடையில் 'மெட்ராஸ் ரிவியூ' சஞ்சிகையில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளே 1904இல் நூலாகின. 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' என்று கா. அப்பாத்துரை தமிழாக்கியது அந்நூலைத்தான்.

அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தது 1892இல், புறநானூற்றை 1894இல். அகநானூறு இன்னும் ஏட்டிலேயே கிடந்தது. சங்க காலத்து வரலாறென்று ஒன்றை எழுதிக் காட்டிய நிபுணர்கள் அன்று இருக்கவில்லை. கனகசபை ஏடுகளைத் தேடினார், பிரதியெடுப்பித்தார். ஒருபுறம் பாட்டுக்களையும் மறுபுறம் பிளினி, தொலமி ஆகியோரின் குறிப்புக்களையும் வைத்துக்கொண்டு, எந்தத் துறையில் எந்தச் சரக்கு இறங்கியது, சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டார். அரசர் வரிசையோடு நின்றுவிடாமல் சமூக வாழ்வுக்கும் வெளிநாட்டு வணிகத்துக்கும் தனி அத்தியாயங்கள் ஒதுக்கினார். சிலப்பதிகாரத்தில் வரும் இலங்கைக் கயவாகுவை மகாவம்சத்துக் கஜபாகுவோடு பொருத்திச் செங்குட்டுவனின் காலத்தைக் கணித்தார். பின்னர் பலர் ஐயப்பட்ட போதிலும், சங்க காலக் கணிப்புக்கு அது நெடுநாள் ஒரு தூணாக நின்றது.

பிழைகளும் உண்டு, சிறியவையல்ல. தமிழர் மங்கோலிய இனத்தவர் என்றும், தாம்ரலிப்தியிலிருந்து வந்ததாலேயே 'தமிழர்' என்ற பெயர் வந்தது என்றும் அவர் எழுதியதை இன்று எவரும் ஏற்பதில்லை. ஆனால் அவர் எழுதிவைத்தபடியால்தான் பின்வந்தவர்களுக்கு மறுப்பதற்கு ஒன்று இருந்தது. ஆதாரத்தை அருகே வைத்துப் பேசினார். பிழை எங்கே என்று வாசகரே கண்டுகொள்ள வழிவிட்டார். எழுதாமலிருந்த பண்டிதர்களிடம் பிழை ஏது?

1906இல் அவர் காலமானபோது நூல் வெளிவந்து இரண்டு வருடங்களே ஆகியிருந்தன.

எமக்கும் அவகாசம் அதிகமில்லை. அவருடைய தந்தையின் மல்லாகத்துக்கு வடக்கே, வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் சனங்கள் இடம்பெயர்ந்தனர். மயிலிட்டித் துறைமுகம் விடுபட 2017 வரை சென்றது. இருபத்தேழு வருடங்களில் ஒரு துறையை அறிந்த தலைமுறையே முதிர்ந்துபோகும். எந்த வாடி எங்கே நின்றது, எந்தக் காற்றுக்கு எந்த வலை, எந்த ஒழுங்கைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஏடும் இல்லை, பிளினியும் இல்லை. அவை சில முதியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன. அவர்களிற் சிலர் மொன்றியலில், எமக்குப் பக்கத்துத் தெருக்களில் வசிக்கிறார்கள். கேட்பதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. சொன்னவர் யார், கண்டதா கேட்டதா, எந்த வருடம் என்பதை மட்டும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் எழுதி வருகிறோம்.