நீலப் பெட்டி யாருடையது?

ஆபீஸில் ஏதாவது ஒரு மூலையில், விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் ரூட்டர்! அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது - அது படுத்துக்கொள்கிற நாளைத் தவிர! அன்றைக்கு மெயில் போகாது, பேங்க் சைட் திறக்காது, மொத்த ஆபீஸும் டீ குடிக்கக் கிளம்பிவிடும்.

இந்தப் பெட்டி பிறந்ததற்கு ஒரு காதல் கதை சொல்வார்கள். அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லென் போஸாக், சாண்டி லெர்னர் என்று ஒரு தம்பதி. கணவர், கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையின் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு. மனைவி, பிசினஸ் ஸ்கூல் கம்ப்யூட்டர்களுக்கு. இரண்டு நெட்வொர்க்கும் ஒன்றோடொன்று பேசாது. மனைவிக்கு ஈ-மெயில் அனுப்ப முடியாமல் தவித்த கணவர், ரூட்டரைக் கண்டுபிடித்தார்... சுபம்!

சினிமாவுக்கு ஏற்ற கதைதான். ஆனால், நடந்தது வேறு.

வருடம் 1980. ஸ்டான்ஃபோர்டின் மருத்துவ மையத்தில் பில் யேகர் என்று ஒரு புரோகிராமர். மருத்துவ மையத்தையும் கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையையும் எப்படியாவது இணைக்கச் சொல்லி, மேலதிகாரி அவர் தலையில் வேலையைக் கட்டினார். கேபிள் இழுப்பது பெரிய விஷயமில்லை. ஜெராக்ஸ் மெஷின்கள் பேசிய பாஷை வேறு, மற்றவை பேசிய பாஷை வேறு. அதுதான் தலைவலி!

நம்ம ஊர் ஆர்.எம்.எஸ். ஆபீஸில் தபால் பிரிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பிரித்துப் படிக்க மாட்டார். விலாசத்தை மட்டும் பார்த்து, 'இது மதுரைப் பக்கம், இது கோவைப் பக்கம்' என்று சரியான பையில் போடுவார். யேகர் எழுதிய புரோகிராமும் அதையேதான் செய்தது. ஒரே வித்தியாசம், அதற்குப் பல பாஷை விலாசங்களைப் படிக்கத் தெரியும்! (இதே சமயம் எம்.ஐ.டி.யில் நோயல் சியாப்பா என்பவரும், தனியாக இதே மாதிரி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்.)

பிறகு, ஆண்டி பெக்டோல்ஷைம் என்ற மாணவர் வடிவமைத்த சர்க்யூட் போர்டில் யேகரின் புரோகிராம் ஏறியது. நீல நிறத்தில் இருந்ததால் 'ப்ளூ பாக்ஸ்' என்று பெயர்.

அதற்குள் வெளியே காலம் மாறிவிட்டது. 1983 ஜனவரி 1-ல் அர்பாநெட், இன்றைய இன்டர்நெட்டின் பொது பாஷையான டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது. இனி தங்கள் நெட்வொர்க்கை வெளியுலகத்தோடு இணைக்க, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கம்பெனிக்கும் இப்படி ஒரு பெட்டி தேவை!

இதைச் சரியாக மோப்பம் பிடித்தவர்கள் போஸாக் தம்பதி. யேகரிடம் போஸாக் புரோகிராமைக் கேட்டார். இவரும் கொடுத்தார். 1984 டிசம்பரில் பிறந்தது சிஸ்கோ. வீட்டை அடமானம் வைத்து, கிரெடிட் கார்டில் கடன் வாங்கி நடத்தினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் புரோகிராமை அவர்களும் நண்பர்களும் மெருகேற்றி வளர்த்தது நிஜம்.

பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டு சண்டைக்கு வந்தது. 1986-ல் போஸாக் ராஜினாமா. 1987-ல் சமரசம்: ரொக்கமாக 19,300 டாலர், ராயல்டியாக ஒன்றரை லட்சம் டாலர். அவ்வளவுதான்! 2000 மார்ச்சில், சிஸ்கோவின் பங்குச் சந்தை மதிப்பு 50,000 கோடி டாலரைத் தாண்டி, உலகின் நம்பர் ஒன் கம்பெனியாகச் சில நாட்கள் கொடிகட்டிப் பறந்தது.

அந்தத் தம்பதியாவது கடைசி வரை சிஸ்கோவில் இருந்தார்களா? அதுவும் இல்லை. 1990 ஆகஸ்ட்டில், லெர்னரை அவர் ஆரம்பித்த கம்பெனியே வெளியே அனுப்பியது. போஸாக்கும் கூடவே கிளம்பினார். பங்குகளை விற்றதில், சுமார் 17 கோடி டாலர் கிடைத்தது.

யேகர்? மாதச் சம்பளக்காரர். சம்பள நேரத்தில் எழுதிய புரோகிராம் முதலாளிக்குத்தான் சொந்தம் என்பது சட்டம். சரி, பணம் போகட்டும்... பெயராவது? காதல் கதையில் அவருக்கு ஒரு சின்ன வேஷம்கூடக் கிடையாது.

கோடானுகோடி பாக்கெட்டுகளை விலாசம் பார்த்துச் சேர்க்கிற பெட்டி. அதற்கான பாராட்டு மட்டும் விலாசம் மாறிப் போய்விட்டது!